காற்றுக்கு எதிரே போன ஏழாம் நம்பர் பாட்டில்

தம்பி, உன் அம்மா நாலேகால் கிலோ கெளுத்தி பிடித்துவிட்டேன், தூண்டில் கம்பு இல்லாமல், வலை இல்லாமல், படகு இல்லாமல், உன் கல்யாணத்தில் காலியான இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை வைத்தே பிடித்துவிட்டேன்!

போட்டோ கீழே இருக்கிறது. என் கையில் கட்டு இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, மீன் முள் குத்தியது, ஊசி போட்டாகிவிட்டது. உனக்கு வாட்ஸப்பில் அனுப்பாமல் இந்த மீன்பிடிக் குரூப்பில் கொண்டுவந்து ஏன் போடுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸப்பில் நானும் நீயும் பேசுவது எல்லாம் ‘சாப்டியா’, ‘சாப்ட்டேன்’, ‘நீ?’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நான் அடிப்பதை எல்லாம் அனுப்புவதற்கு முன்னாலேயே அழித்துவிடுகிறேன். இந்தக் குரூப்பில் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பத்தாவது லீவில் சேர்ந்தவன் இன்னும் வெளியே போகவில்லை, இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை போட்டதும் இல்லை. நேற்று போட்டோவுக்குக் கீழே ‘எப்படி அக்கா?’, ‘சொல்லித் தாங்க அக்கா’ என்று கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும். ஆனால் உனக்குத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் போனில் உன்னிடம் நான் சொன்ன ஒரு ‘சரி’யைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

வைகாசியில் கல்யாணம் முடிந்து ஆனியில் நீயும் பிரியாவும் பெங்களூருக்குப் போனீர்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்து வழக்கம்போல இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிட்டேன். அதை மூன்று வேளை தின்றேன். மறுநாளும் கை தானாக இரண்டு டம்ளர்தான் அளந்தது. வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறவரை ஒன்றும் தெரியாது. காலால் மிதிப்பதை நிறுத்தினால் ஒரு அமைதி வரும் பார், அது வெளியிலிருந்து வருகிற மாதிரி இருக்காது, மெஷினுக்குள்ளிருந்தே வருகிற மாதிரி இருக்கும். அதனால் நிறுத்தாமல் தைத்தேன். ஆள் வந்து கேட்பதற்கு முன்னால் ஜாக்கெட் தயாராக இருந்தது. ‘என்னக்கா, தீவாளிக்குல்ல குடுத்தோம், இப்பவே முடிச்சுட்டீக?’ என்று ஒரு பெண் கேட்டாள். நீ போன் செய்யும்போது பக்கத்து வீட்டு ஜரினா அக்கா வந்திருக்கிறார்கள், தெருவில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேனே, அதில் பாதி நாள் பொய். யாரும் இல்லை. நான் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பேசினேன்.

மனிதக் குரல் கேட்க வேண்டும் என்று போனில் வீடியோவை ஓடவிட்டுத் தைப்பது பழக்கமாகிவிட்டது. சமையல், கோலம், ஏதோ ஒன்று, ஒன்று முடிந்தால் இன்னொன்று தானாக வரும். அப்படி ஒருநாள் வந்ததுதான் இது. ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரி. நான்கைந்து பேர் மோட்டார் படகில் வருகிறார்கள். தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கேன் மிதக்கிறது. திடீரென்று அதில் ஒரு கேன் தானாக ஓடுகிறது! படகு அதைத் துரத்துகிறது. கேன் முங்குகிறது, வேறு பக்கம் எழுந்து வருகிறது, ஒரு குண்டு ஆள் எட்டிப் பிடிக்கப் போய்ப் படகுக்குள்ளேயே குப்புற விழுகிறார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யார் சிரித்தது என்று. நீ போனபிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. அன்று ஒரே மூச்சில் பதினொரு வீடியோ பார்த்தேன். அவர்கள் பேசுவது புரியாது. கீழே தமிழில் வரும் எழுத்து அதைவிடப் புரியாது. கையை மட்டும் பார்த்தேன். முடிச்சு போடும் இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், திரும்பவும் பார்த்தேன். ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டில் தோள்பட்டைக்கும் கைநீளத்துக்கும் நடுவே நரம்பு எத்தனை அடி, முள் எத்தனையாவது நம்பர் என்று எழுதிவைத்தேன். விஷயம் இவ்வளவுதான்: மூடி இறுக்கிய காலிக் கேன், அதன் கழுத்தில் கட்டிய நைலான் நரம்பு, நரம்பின் நுனியில் தூண்டில் முள், முள்ளுக்கு மேலே ஒரு எடை. இரையைக் குத்தித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மீன் இழுத்தால் கேன் நமக்குச் சொல்லும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நான் செய்த முதல் தப்பைச் செய்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் வெள்ளைக் கேன் என்றால் எங்கே கிடைக்கும்? திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு மூலையில் குவித்திருப்பார்கள். கனமான கேன், பிடி வைத்தது, பார்த்தால் வீடியோவில் இருப்பது மாதிரியே இருக்கிறது. தெரிந்த தோட்டத்தில் கேட்டு ஆறு கேன் வாங்கி வந்து சோப்புப் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவி, ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு தேவாரம் ரோட்டுக் கண்மாய்க்குப் போய்விட்டேன். அந்தக் கண்மாயின் மீன்பாட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் முத்தையா அண்ணன். அவரைக் கேட்காமல் யாரும் அதில் ஒரு முள்ளைக்கூட நனைக்க முடியாது. கரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

“என்னத்தா, கண்மாய்க்கு மருந்தடிக்க வந்தியா?”

“இல்லண்ணே. மீன் பிடிக்கலாம்னு.”

அவர் எழுந்து வந்து ஒரு கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இதுல என்ன இருந்துச்சு?”

“தெராச்சைக்கு அடிக்கிறதுண்ணே. மூணு தடவ கழுவிட்டேன்.”

“நீ முப்பது தடவ கழுவுனாலும் அது மருந்துதான். இத உள்ள விட்டா நீ முள்ளே போட வேணாம், அதுகளா மெதந்து ஒன் மடிக்கு வந்துரும், பூராம் செத்து! ஆடு மாடு குடிக்கிற தண்ணித்தா இது. என் பொழப்புல மண்ணப் போடவா கெளம்பி வந்த?”

அப்போதே வண்டியைத் திருப்பிவிட்டேன் தம்பி. கேனை எல்லாம் கட்டித் தோட்டத்திலேயே திருப்பிக் கொடுத்து, யாரும் வேறு எதற்கும் எடுத்துவிடக் கூடாது என்று ஓட்டை போட வைத்துவிட்டு, மறுநாள் திரும்பவும் அவரிடம் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அந்தக் குண்டு ஆள் விழுகிற வீடியோவைக் காட்டினேன். குத்தவைத்து உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அதே இடத்தில் சிரித்தார்.

“கெளுத்தின்னா பிடிச்சுக்க. நான் விட்ட குஞ்சு பூராத்தையும் அதுதான் தின்னுக்கிட்டுக் கெடக்கு. கட்லா, ரோகு மாட்டுச்சுன்னா அப்பவே திருப்பி விட்றணும். எது கெளுத்தின்னு ஒனக்குத் தெரியுமா மொதல்ல?”

“மீசை இருக்கும்ணே.”

“அப்ப நானுங் கெளுத்திதான்” என்று மீசையைத் தடவிக்கொண்டார். “தண்ணிக்குள்ள மட்டும் எறங்கக் கூடாது. ஒன்னத் தேடி நான் முங்க முடியாது, சொல்லிட்டேன்.”

பரணில் சாக்கு நிறைய உன் கல்யாண வீட்டுப் பாட்டில் கிடந்தது. பன்னிரண்டு எடுத்தேன். தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே, அதனால் ஆரஞ்சு நிற ஜாக்கெட் துணியில் ஒவ்வொன்றுக்கும் இறுக்கமாக உறை தைத்துப் போட்டு, மார்க்கரில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினேன். முத்தையா அண்ணன் பார்த்துவிட்டு, “கண்மாய்ல இருக்க பாட்டிலுக்கெல்லாம் ரவிக்கை தச்சுப் போட்ட மொத ஆளு நீதான்த்தா” என்றார். எடைக்கு இரும்பு நட்டு. இரைக்குக் கோழி ஈரல். ஈரல் முள்ளில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும், வீடியோவில் பெரிய பெரிய ஆட்களே அதற்குப் புலம்புகிறார்கள். நான் குழந்தைகள் கவுனுக்கு வைக்கும் நெட் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஈரலை அதில் முடிந்து, மெஷின் நூலால் நான்கு சுற்று சுற்றி முள்ளில் கோத்தேன். ஒன்றுகூட அவிழவில்லை! இதை நானே கண்டுபிடித்தேன் என்று குதித்தேன். பிறகு பார்த்தால் உலகத்தில் பாதிப்பேர் ஏற்கெனவே செய்கிறார்கள். பரவாயில்லை, எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே.

படகு இல்லை, நீச்சல் தெரியாது, விட்ட பாட்டிலை எப்படித் திருப்பி எடுப்பது? இங்கேதான் நம் ஊர்க் காற்று. ஆடி மாதத்தில் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று ஆளையே தள்ளும் அல்லவா? கால்வாய்த் தண்ணீர் வந்து கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. காலையில் மேற்குப் பக்கம் ஓரமாக நின்று பாட்டிலை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் ஒரு சுற்று சுற்றிக் கிழக்கே கரைமேல் போய் உட்கார்ந்துவிடுவேன். காற்று பாட்டிலை எல்லாம் தள்ளிக்கொண்டுவந்து என் காலடியில் போடும். பன்னிரண்டு போனால் பன்னிரண்டு திரும்ப வேண்டும், எண்ணி எடுக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. நரம்போடு ஒன்று தொலைந்தால் கொக்கும் நாரையும் காலைச் சிக்கவைத்துக்கொண்டு சாகும். முதல்நாள் வீடியோவில் பார்த்த அளவுக்கு நரம்பு விட்டதில் பன்னிரண்டும் தண்ணீருக்கு அடியில் இருந்த கருவேல மரத்து மூட்டில் சிக்கிக்கொண்டது, அண்ணனுடைய ஆட்கள் வலை இழுக்க வந்தபோது திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு டேப்பால் அளந்து ஐந்தடிக்கு மேல் விடுவதில்லை.

பதினேழு நாள் ஒன்றும் மாட்டவில்லை. ஈரலை ஆமை தின்றது, குறவை மீன் தின்றது, மிச்சம் ஊறி வெளுத்துத் திரும்பி வந்தது. ஜரினா அக்கா ஒருநாள் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

“ஏ புள்ள, ஊர்ல என்ன சொல்றாக தெரியுமா? மகென் போனதுலருந்து டெய்லருக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, காலையில பாட்டில தண்ணில விட்டுட்டு பாட்டிலு பின்னாடியே ஸ்கூட்டில போகுதுங்கறாக.”

“போறது நெசந்தானக்கா.”

“நெசமா இருக்கட்டும். மீனு எங்க? ஒன்ன நம்பி ரெண்டு வாரமா மசாலா அரைச்சு வச்சுருக்கேன்.”

அவர்கள் போனபிறகுதான் உறைத்தது, இந்த முறை நான் பொய் சொல்லாமலேயே என் வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

இனி முந்தாநாள் கதை. பத்து மணிக்கெல்லாம் பதினொரு பாட்டில் கரைக்கு வந்துவிட்டது. ஏழாம் நம்பரைக் காணோம். கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினால் நடுக் கண்மாயில் ஆரஞ்சாக ஒரு புள்ளி. சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். அது நகர்ந்தது. காற்று என் முகத்தில் அடிக்கிறது, தண்ணீர் முழுக்க என் பக்கம் அலை அலையாக வருகிறது, அந்த ஒரு பாட்டில் மட்டும் மேற்கே பார்த்துப் போகிறது! முங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது அடி தள்ளி எழுந்து வந்தது. திரும்பவும் மேற்கே. ‘ஏய்!’ என்று கத்தினேன். கூப்பிட ஒரு ஆள் இல்லை. அன்று வலை இழுக்கிற நாளும் இல்லை. முத்தையா அண்ணனுக்குப் போன் போட்டால் தேனியில் இருக்கிறேன், வர மத்தியானம் மூன்று மணியாகும், நீ மட்டும் இறங்கிவிடாதே என்றார்.

அந்த ஐந்து மணி நேரம்தான் உன்னிடம் சொல்ல வேண்டியது. தின்ன எதுவும் எடுத்துப் போகவில்லை. தண்ணீர் பாட்டிலும் காலி. எழுந்து போனால் அது போய்விடும் என்று ஒரு பயம், போய்விட்டால் ஒன்றும் குறைந்துபோகாது என்றும் தெரியும். ஆனால் போக முடியவில்லை. அப்போது உன் குரல் கேட்டது. பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டில் உன் மார்க் குறைந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இதே கண்மாய்க்கு வந்தேனே, நீ தூண்டில் கம்பை வைத்துக்கொண்டு நின்றாய், கூட உன் சேக்காளிகள் நான்கு பேர். ‘அம்மா, பத்தே நிமிசம்மா, பெருசா ஒண்ணு கடிக்குது’ என்றாய். நான் கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தேன். ஒருமுறையில் ஒடியவில்லை, அதனால் காலால் மிதித்து ஒடித்தேன். அவர்கள் முன்னாலேயே. ஸ்கூட்டியில் வரும்போது நீ என் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு நீ மீன் பக்கம் போகவில்லை. நல்ல மார்க் எடுத்தாய், நல்ல காலேஜ், நல்ல வேலை. ‘அன்னைக்கு நான் ஒடிச்சதுதான் இன்னைக்கு அவனை ஆளாக்குச்சு’ என்று உன் கல்யாண மண்டபத்தில்கூட உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். சிரித்தாய்.

உன் அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது அப்போது. எனக்கு மிச்சம் நீ ஒருவன்தான், உன்னைத் தண்ணீர் பக்கம் பார்த்தாலே பயம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. முந்தாநாள்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் யாராவது வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்திருந்தால் நான் அவர்களை மன்னித்திருக்க மாட்டேன். நீயோ எட்டு வருடமாக என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

சரியாக அப்போதுதான் போன் வந்தது, நீ.

“எங்கம்மா இருக்க? ஒரே சத்தமா இருக்கு?”

“வீட்டுலதான்யா. ஃபேன் சத்தம்.”

“அந்த ஃபேன மாத்தச் சொல்லி எத்தன நாளாச்சு? இனி மாத்தவும் வேணாம், அதச் சொல்லத்தான் கூப்ட்டேன். வண்டி பேசிட்டேன்மா. பதினஞ்சாந் தேதி காலைல வந்துரும். கட்டிலு, பீரோ மட்டும் ஏத்துனாப் போதும். மெஷின அங்கனயே யாருக்காச்சும் குடுத்துரு. இங்க வந்து நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருந்தாப் போதும்.”

பாட்டில் முங்கிவிட்டது. எழவில்லை.

“சரி” என்றேன்.

“நெசமாவாம்மா? ரெண்டு மாசமாக் கெஞ்சுறேன், இப்பத்தான் வாயைத் தெறக்குற!”

“சரிய்யா, சரி, போன வையி.”

நீ போனை வைப்பதற்கு முன்னால் ‘பிரியா, அம்மா வருதாம்!’ என்று கத்தியது கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக உன் குரலைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் திரும்பக் கூப்பிட்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை. நான் உன்னிடம் சொன்ன சரி உன் கேள்விக்குச் சொன்ன சரி இல்லை தம்பி. நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு முத்தையா அண்ணன் வந்து லாரி டியூபைத் தண்ணீரில் போட்டு, அதில் உட்கார்ந்து துடுப்பால் தள்ளிக்கொண்டு போனார். பாட்டிலைப் பிடித்ததும் திரும்பிக் கத்தினார்: “ஏத்தா! இது என்னையவே இழுக்குதுத்தா!” கரைக்கு வந்ததும் நரம்பை என் கையில் கொடுத்தார். “நீ விட்டது, நீயே எடு.” எடுத்தேன். கறுப்பாக, வழவழவென்று, என் கையை விட நீளமாக. செவுளுக்குப் பக்கத்தில் இருக்கும் முள்ளுக்குப் பின்னால் பிடிக்க வேண்டும் என்று நூறு தடவை வீடியோவில் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்தில் மறந்துவிட்டது. உள்ளங்கையில் ஏறிவிட்டது. கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

“முள்ளு குத்திருச்சாத்தா? கடுக்குதா?”

“ஆமாண்ணே” என்றேன்.

கடுத்ததுதான். ஆனால் அழுததற்குக் காரணம் வேறு. இவ்வளவு பெரிய மீனை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து ‘இங்க வந்து பாரு!’ என்று கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்குள் போகாமலேயே ஜரினா அக்கா வாசலில் போய் நின்றேன். அக்கா வாயைப் பிளந்துவிட்டு, மகள்களைக் கூப்பிட்டு, அந்த மசாலாவையே போட்டுக் குழம்பு வைத்தார்கள். ஆறு வீட்டுக்குப் போனது. எனக்கு ஒரு கிண்ணம் வந்தது. நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். தனிமை போய்விட்டது, மீன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று எழுதினால் இந்தக் குரூப்பில் நிறைய இதயம் விழும், ஆனால் அது பொய். இன்றைக்கும் சாயங்காலம் மெஷினை நிறுத்தினால் அதே அமைதிதான். ஒரு வித்தியாசம், காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வாசலுக்கு வருகிறேன். முன்பு எதற்கும் வரமாட்டேன்.

நான் பெங்களூருக்கு வரவில்லை. நாலாவது மாடியில், நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபிறகு, நான் சும்மா இருந்தால் போதும் என்றாயே, அந்தச் சும்மாவில் இருந்து தப்பிக்கத்தான் இத்தனை பாடுபட்டேன். இந்த ஒன்றை மட்டும் அம்மா சொல்லிக் கேள்: பிரியாவிடம் ஒருநாளும் ‘நீ சும்மா இருந்தாப் போதும்’ என்று சொல்லிவிடாதே. பாசமாகக்கூடச் சொல்லாதே. அன்றைக்கு உன் நல்லதுக்கு என்று நான் உன்னைக் கேட்காமல் ஒடித்தேன். இன்றைக்கு என் நல்லதுக்கு என்று நீ வண்டி பேசியிருக்கிறாய். நீ என்னைவிட நல்லவன், இரண்டு மாதம் கேட்டுவிட்டுத்தான் பேசினாய். நான்தான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு உன்னிடம் வேண்டாம் என்று சொல்லப் பயம், சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிடுமோ என்று. கம்பை ஒடித்ததற்கு மன்னித்துவிடு என்று கேட்கவும் அதே பயம்தான். இரண்டையும் இப்போது சொல்லிவிட்டேன், நாலாயிரம் பேர் இருக்கிற இடத்தில்.

குரூப்பில் இருக்கும் தம்பி தங்கைகளே, முறை எல்லாம் மேலே எழுதிவிட்டேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கெளுத்தி முள் குத்தாமல் தூண்டில் முள்ளைக் கழற்ற நல்ல வழி தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் வீட்டில் தனியாக இருக்கிற அம்மாவோ அப்பாவோ இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள், மீன் பிடிக்கச் சொல்லி வேண்டாம், இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டு அனுப்புங்கள்.

தம்பி, வண்டிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு. பதினைந்தாம் தேதிக்குப் போட்டிருக்கும் லீவை மட்டும் ரத்து செய்யாதே. முதல்நாள் ராத்திரி பஸ் ஏறினால் காலை ஆறரைக்கு உத்தமபாளையத்தில் இறங்கலாம். கோபமாக இருந்தால் கோபமாகவே வா, கரையில் உட்கார்ந்து திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வருவதென்றால் ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும். நீ மட்டும் என்றால் ஸ்கூட்டி போதும். யாரும் வரவில்லை என்றால் நான் அந்த நேரத்துக்குக் கண்மாய்க்குப் போயிருப்பேன். மூன்றில் எது என்று கீழே எழுது.